தைம் தின்ற நத்தை: மணமூலிகைத் தீவனம் உண்மையில் என்ன செய்கிறது?

நத்தை அண்டாத செடிகள் என்று தோட்டக் கையேடுகள் தரும் பட்டியலில் தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், சேஜ், புதினா ஆகியவை தவறாமல் இருக்கும். நத்தைக் கறி விற்பவர்களோ, தங்கள் நத்தைகள் தைமும் ரோஸ்மேரியும் தின்று வளர்ந்தவை என்று விளம்பரம் செய்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாகும் என்ற குழப்பம் புதிதாகப் பண்ணை தொடங்குபவர்களுக்கு வருவது இயல்பு. எந்தத் தழை, எவ்வளவு, எந்தப் பருவத்தில், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு என்று பிரித்துப் பார்த்தால் இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருப்பது தெரியும். மிச்சப் பாதி விற்பனைப் பேச்சு.

## இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது

நத்தை வளர்ப்பு பழைய தொழில். ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, ஃபுல்வியஸ் லிப்பினஸ் என்பவர் தார்குவினி ஊர்ப்பக்கம் நத்தை அடைப்புகள் அமைத்ததைப் பதிவு செய்திருக்கிறார். கி.மு. 49-இல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்குச் சற்று முந்தைய காலம் அது. நத்தைகளைக் கொழுக்க வைக்க அவர் கொடுத்ததாகப் பிளினி குறிப்பிடுவது காய்ச்சிய திராட்சைச் சாறும் மாவும். மணத்தழை பற்றிய பேச்சு அந்தக் குறிப்பில் இல்லை.

மூலிகை வாசம் என்ற எண்ணத்துக்கு வலுவான வேர் காட்டு நத்தைகளில் இருக்கிறது. கிழக்கு ஸ்பெயினின் சுண்ணாம்புக் குன்றுகளில் ரோஸ்மேரியும் தைமும் மண்டிய புதர்களுக்கிடையே வாழும் ஐபெரஸ் அலோனென்சிஸ் என்ற நத்தை, வலென்சியாப் பகுதியின் பாயெல்லாச் சோற்றில் சேர்க்கப்படுகிறது. அதன் வாசத்துக்கு அந்தப் புதர்களே காரணம் என்பது அங்குள்ள சமையற்காரர்களின் கருத்து. பண்ணைகளில் பெரும்பாலும் வளர்வது இந்த நத்தை அல்ல, கார்னு ஆஸ்பெர்சம். பழைய நூல்களில் இது ஹெலிக்ஸ் ஆஸ்பெர்சா என்றிருக்கும். காட்டில் பல மாதம் பல செடிகளை மேய்ந்த ஒரு நத்தையின் புகழை, பெட்டியில் கலப்புத் தீவனம் தின்ற இன்னொரு நத்தையின் மேல் ஏற்றி விற்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

## நத்தை எப்படித் தின்கிறது

நத்தைக்குப் பல் இருக்கிறது. வாய்க்குள் ராடுலா என்ற நாடா இருக்கும். அதன்மேல் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசையாக அமைந்திருக்கும். அரத்தால் ராவுவதுபோல் இலையைச் சுரண்டி விழுங்கும். மெல்லிய இலை எளிதில் சுரண்டப்படும். தடித்த மெழுகுத் தோலும் அடிப்பக்கம் ரோமமும் உள்ள ரோஸ்மேரி இலையில் இந்த அரம் வழுக்கும். ஆகவே நத்தை ஒரு தழையை ஒதுக்கினால் வாசம் பிடிக்கவில்லை என்று உடனே முடிவு கட்ட முடியாது. இலையின் கடினம் பாதிக் காரணமாக இருக்கலாம்.

செரிமானத்தில் நத்தை கெட்டிக்கார உயிர். செல்லுலோஸையே உடைக்கும் நொதிகள் அதன் குடலில் உண்டு. ஈஸ்ட் செல்களின் சுவரைக் கரைக்க ஹெலிக்ஸ் பொமாஷியா என்ற இன்னொரு நத்தையின் செரிமானச் சாற்றை ஆய்வகங்கள் பயன்படுத்துவதே அந்தச் சாற்றின் வலிமைக்குச் சான்று. எனவே நார்த்தழை செரிக்குமா என்று கவலைப்பட வேண்டாம். கவலை வேறிடத்தில் இருக்கிறது.

மூன்றாவது விஷயம் பழக்கம். நத்தை உணவைத் தேடுவது வாசத்தால். அந்த வாசத்தை அது அனுபவத்தில் கற்கிறது. ஒருமுறை தின்று பார்த்த உணவின் வாசம் வந்தால் ஹெலிக்ஸ் பொமாஷியா அதை நோக்கி நேராக நகரும். முன்பு தின்றே இராத உணவாக இருந்தால் அதன் அருகில் இருந்தாலும் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். இது பண்ணைக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி. ஐந்து மாதம் மாவுத் தீவனம் மட்டும் கண்ட நத்தையின் முன் கடைசி வாரத்தில் தைம் கொத்தை வைத்தால் அது அப்படியே கிடக்கும்.

## வாசம் என்பது செடியின் தற்காப்பு

தைம், ஆரிகனோ, ரோஸ்மேரி, புதினா, திருநீற்றுப்பச்சிலை எல்லாமே துளசிக் குடும்பத்துச் செடிகள். இவற்றின் இலைப்பரப்பில் நுண்ணிய சுரப்பிகள் உள்ளன. ஆவியாகும் எண்ணெய் அவற்றில்தான் தேங்கியிருக்கும். தைமில் தைமாலும் கார்வக்ராலும், ரோஸ்மேரியில் சினியோலும் கற்பூரமும், புதினா வகைகள் சிலவற்றில் மென்தாலும் முக்கியக் கூறுகள். ஓமத்தின் மணத்துக்கும் காரணம் அதே தைமால்தான். மேய வரும் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதங்கள் இவை. தைமால், யூஜெனால் போன்ற கூறுகளுக்குக் குறிப்பிட்ட செறிவுக்கு மேல் நத்தையைக் கொல்லும் திறனும் உண்டு.

ஆகக் கொஞ்சமாக இருந்தால் வாசனை, கூடினால் விஷம். தோட்டக் கையேடும் விளம்பரமும் ஒரே அளவுகோலின் இரு முனைகளைப் பேசுகின்றன.

நத்தைகளின் விருப்பத்தை வைத்துத் தழைகளைத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம்:

1. விரும்பித் தின்பவை: திருநீற்றுப்பச்சிலை, கொத்தமல்லியின் இளநாற்று. திருநீற்றுப்பச்சிலை நாற்று ஒரே இரவில் காம்பு மட்டும் மிஞ்சி நிற்பதைத் தோட்டம் வைத்தவர்கள் பார்த்திருப்பார்கள்.
2. பழக்கினால் தின்பவை: தைம், ஆரிகனோ, புதினா ஆகியவற்றின் இளங்குருத்து. முற்றிய தண்டைத் தொடாது.
3. பச்சையாகக் கொடுத்துப் பயனில்லாதவை: ரோஸ்மேரி, லாவெண்டர், சேஜ். உலர்த்திப் பொடித்துத் தீவனத்தில் கலந்தால்தான் உள்ளே போகும்.

சோம்புச் செடியைப் பற்றி ஒரு தவறான முடிவு அடிக்கடி எடுக்கப்படுகிறது. கோடையில் காய்ந்த சோம்புத் தண்டுகளில் நத்தைகள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருப்பதைப் பார்த்து, அவற்றுக்கு அது உயிர் என்று எழுதிவிடுகிறார்கள். கொதிக்கும் தரையிலிருந்து தப்பி உயரத்தில் உறங்கவே அவை ஏறுகின்றன. தின்பதற்காக அல்ல.

## வயிற்றை நிரப்புமா மூலிகை?

நத்தையின் உடலில் தீவனக்காரர் முதலில் பார்க்க வேண்டியது ஓடு. ஓட்டின் மிகப் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதனால்தான் வளரும் நத்தைக்கான கலப்புத் தீவனத்தில் சுண்ணாம்புத்தூள் 30 சதவீதம் வரைக்கும் போகிறது. கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் 40 சதவீதம். எனவே 100 கிராம் தீவனத்தில் சுமார் 12 கிராம், அதாவது 12,000 மில்லிகிராம் கால்சியம்.

இப்போது தழையைப் பாருங்கள். 100 கிராம் பச்சைத் திருநீற்றுப்பச்சிலையில் கால்சியம் ஏறத்தாழ 180 மில்லிகிராம். பச்சைத் தைமில் 400. உலர்ந்த தைமில் 1,900. காய்கறிகளோடு ஒப்பிட்டால் இவை நல்ல எண்கள்தான். ஆனால் ஓடு கட்ட வேண்டிய உயிருக்கு உலர்ந்த தைமே தேவையில் ஆறில் ஒரு பங்கைத்தான் தருகிறது. புரதமும் அப்படியே. பச்சைத் திருநீற்றுப்பச்சிலையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், புரதம் 3 சதவீதம். கலப்புத் தீவனத்தில் 15 சதவீதத்துக்குக் குறையாமல் புரதம் வைப்பார்கள்.

மூலிகை மட்டும் கொடுத்து வளர்த்தால் நடப்பது இதுதான்: ஓடு மெலிந்து, கையில் எடுத்தால் விளிம்பு உடையும். வளர்ச்சி நின்று, ஓட்டின் வாய் மடிந்து தடிப்பது தள்ளிப்போகும். அந்த மடிப்பு வந்தால்தான் நத்தை முதிர்ந்ததாகக் கணக்கு. அது தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். கால்சியம் கிடைக்காத நத்தைகள் ஒன்றன் ஓட்டை ஒன்று சுரண்டத் தொடங்கும். அடைப்பில் சுரண்டல் தழும்புள்ள ஓடுகள் தென்பட்டால் மூலிகையை மாற்றுவதில் பயனில்லை, சுண்ணாம்பை வையுங்கள்.

## வாசம் கறியில் இறங்குமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. விடை நத்தையின் எந்தப் பாகத்தைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மணக்கூறுகள் கொழுப்பில் கரைபவை, தண்ணீரில் அரிதாகவே கரையும். நத்தைக் கறியில் கொழுப்பு 1.5 சதவீதத்துக்குள்தான். தண்ணீர் 80 சதவீதம், புரதம் 16 சதவீத அளவு. கொழுப்பு ஊடாடிய இறைச்சியில் தீவனத்தின் வாசம் தங்குவதுபோல் நத்தையின் காலில், அதாவது நாம் மெல்லும் அந்தத் தசையில், தங்குவதற்கு இடமே குறைவு.

வாசம் தேங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று குடல், அதாவது செரிக்காத தழையே அங்கு கிடக்கிறது. இன்னொன்று ஓட்டின் சுருளுக்குள் பழுப்பாக இருக்கும் செரிமானச் சுரப்பி. இதில் கொழுப்பு கூடுதல், உணவின் கூறுகள் இங்குதான் சேரும்.

அடுத்து என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அறுவடைக்குப் பின் நத்தைகளைப் பல நாள் பட்டினி போட்டுக் குடலைக் காலியாக்குவார்கள். முதல் கிடங்கு போயிற்று. பிறகு வேகவைத்துச் சதையை இழுத்தெடுக்கும்போது, பெரிய நத்தைகளில் சுருள் பாகத்தை வெட்டி எறிவது பல பதப்படுத்துமிடங்களில் வழக்கம். இரண்டாம் கிடங்கும் போயிற்று. மிஞ்சிய காலைப் பூண்டும் வெண்ணெயும் பார்ஸ்லியும் சேர்த்துச் சமைத்தால், தட்டில் வரும் மூலிகை வாசம் சமையற்காரர் போட்டது.

சுருளோடு முழுதாகச் சமைக்கப்படும் சிறு நத்தைகளின் கதை வேறு. வலென்சியாவின் குன்று நத்தைக்குக் கிடைத்த பெயரும் இந்த வகையில் வருவதுதான். மூலிகைத் தீவனத்துக்குச் செலவழிப்பது பொருளுள்ளதாவது இங்கே மட்டுமே என்பது என் கணிப்பு. சுருள் நீக்கி உறையவைத்த கறி விற்பவர் மூலிகையில் பணம் போடுவது லேபிளுக்காக.

## கொடுக்கும் முறை

முதலில் பொடி. தழையை நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். 40 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் எண்ணெய் பறந்துபோய் வைக்கோல் மிஞ்சும். காம்பை உருவி எறிந்து, இலையை மட்டும் மாவாக அரைத்துச் சலிக்க வேண்டும். திப்பியாக இருந்தால் நத்தை மாவை மட்டும் சுரண்டிவிட்டுத் திப்பியை ஒதுக்கி வைத்துவிடும். காலையில் தட்டைப் பார்த்தால் பச்சைத் துகள்கள் மட்டும் ஒரு வளையமாகக் கிடக்கும். அரைத்ததை இறுக்கமாக மூடி வைத்து, சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

1. குஞ்சுப் பருவம்: பொரித்த இரண்டு மூன்று வாரத்துக்குப் பின், ஒரு கிலோ தீவனத்துக்கு 2 முதல் 3 கிராம் பொடி. வாசத்தைப் பழக்குவதற்கு இது போதும்.
2. வளரும் பருவம்: கிலோவுக்கு 10 கிராம், அதாவது 1 சதவீதம். இதற்கு மேல் போக வேண்டியதில்லை. சுண்ணாம்பின் அளவைக் குறைத்து மூலிகைக்கு இடம் ஒதுக்கக் கூடாது.
3. கடைசிக் கட்டம்: ஓட்டின் வாய் மடிந்த நத்தைகளை மட்டும் பொறுக்கித் தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள். இனி ஓடு வளராது என்பதால் சுண்ணாம்புத் தீவனம் தேவையில்லை. 95 கிராம் கோதுமைத் தவிடும் 5 கிராம் பொடியும் கலந்து 7 முதல் 10 நாள் கொடுக்கலாம். முதல் நாளே 5 கிராமில் தொடங்காமல் 2 கிராமிலிருந்து ஏற்றிக்கொண்டு போங்கள். ஒரு கிலோ நத்தைக்கு இரவுக்கு 10 கிராம் கலவையில் ஆரம்பித்து, காலையில் மிஞ்சியதைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.
4. பட்டினி: காற்றோட்டமான உலர்ந்த பெட்டியிலோ வலையிலோ வைத்து, கழிவு நிற்கும் வரை. பொதுவாக 5 நாள் வரும். செத்ததை தினமும் பொறுக்கி எடுக்க வேண்டும்.

பட்டினி எப்போது முடிந்தது என்பதை நாட்காட்டி சொல்லாது, கழிவு சொல்லும். நத்தையின் கழிவு நூல்போல் சுருண்டு விழும். தின்றதன் நிறம் அப்படியே அதில் தெரியும். கேரட் தின்றால் ஆரஞ்சு, பச்சிலை தின்றால் கரும்பச்சை, தவிடு தின்றால் வெளிறிய பழுப்பு. பச்சை போய், பழுப்பும் போய், பெட்டியின் தரை ஒரு நாள் முழுதும் சுத்தமாகக் கிடந்தால் குடல் காலி. வாசம் போய்விடுமே என்று இந்தக் கட்டத்தைச் சுருக்குபவர்கள் உண்டு. அது மூலிகை நத்தை அல்ல, கழிவோடு விற்கப்படும் நத்தை.

தீவனம் வைக்கும் நேரமும் முக்கியம். மாலையில் நீர் தெளித்து ஈரப்பதம் 80, 90 சதவீதத்துக்கு ஏறிய பிறகுதான் நத்தைகள் வெளியே வரும். 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நன்றாக மேயும். நீர் தெளித்த பின்பு தீவனத்தை வையுங்கள். முன்பே வைத்தால் நனைந்து களியாகிவிடும். ஈரத்தில் ஒரு பகல் கிடந்த தவிடு புளிக்கும், மறுநாள் பூஞ்சை பிடிக்கும். மிச்சத்தைக் காலையிலேயே வழித்தெடுங்கள்.

## அடைப்புக்குள்ளேயே நடலாமா?

படத்துக்கு அழகாக இருக்கும். நடைமுறையில் தண்ணீர் சண்டை போடும். தைமும் ரோஸ்மேரியும் வடிகால் உள்ள வறண்ட சுண்ணாம்பு மண்ணின் செடிகள். நத்தை அடைப்போ தினமும் மாலை நனைகிறது. வேர் அழுகிச் சில மாதத்தில் செடி போய்விடும். மாறாகத் திருநீற்றுப்பச்சிலைக்கு ஈரம் பிடிக்கும், ஆனால் சதுர மீட்டருக்கு 200, 300 நத்தைகள் இருக்கும் இடத்தில் அது இரண்டு இரவு தாங்காது. புதினா தழைக்கும், நிழலும் தரும். அதை நிழற்செடியாக மட்டும் எண்ணி வைக்கலாம்.

திறந்தவெளிப் பண்ணைகளில் உண்மையில் விதைக்கப்படுபவை கீரை பீட், கடுகுக் குடும்பத் தீவனப் பயிர்கள், வெள்ளை குளோவர் போன்றவை. வாசம் கிடையாது, மேய மேய மறுபடி துளிர்ப்பவை. மூலிகைப் பாத்தி அடைப்புக்கு வெளியே இருக்கட்டும், அறுத்துக்கொண்டு வந்து போடுங்கள்.

## எங்கே கை சுடும்

எண்ணெய்ப் புட்டி: பொடிக்குப் பதில் தைம் எண்ணெயை ஊற்றிவிடலாமே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். உலர்ந்த தைமில் எண்ணெய் 1.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கிலோ தீவனத்தில் 10 கிராம் பொடி கலக்கும்போது உள்ளே போகும் எண்ணெய் 150 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி எண்ணெய், அதாவது 5 மில்லி ஊற்றினால் ஏறத்தாழ 4,500 மில்லிகிராம். முப்பது மடங்கு. அதுவும் சீராகக் கலக்காமல் ஓரிடத்தில் திரளும். நத்தையின் உடலைப் போர்த்தும் மெல்லிய ஈரத்தோலில் அது பட்டால் சுடும். நுரை கக்கிக்கொண்டு ஓட்டுக்குள் ஒடுங்கும் நத்தை அந்தத் தட்டுக்குத் திரும்பாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை: செடியிலிருந்து பிரித்தெடுத்த மண எண்ணெய், 1831/2003 எண் விதிமுறையின் கீழ் தீவனச் சேர்க்கைப் பொருள் என்ற வகையில் வரும்.

தாமிரம்: சந்தைக்கு வரும் தழைகளில் பூஞ்சைக்கு அடித்த தாமிர மருந்தின் படிவு இருக்கலாம். மனிதர்கள் கழுவித் தின்றால் தொந்தரவில்லாத அளவுகூட நத்தையைப் பாதிக்கும். தாமிரம் மெல்லுடலிகளுக்கு நஞ்சு. நத்தைக் கொல்லியாகவே அது பயன்பட்டிருக்கிறது. மருந்தடித்த தழையை முழு அடைப்புக்கும் போட்டவர் மறுநாள் காலை வரவே வராத நத்தைகளை எண்ண வேண்டியிருக்கும். எந்தப் புதுத் தழையையும் முதலில் பத்து நத்தைக்குக் கொடுத்து இரண்டு நாள் பாருங்கள்.

சாலையோரத் தழை: நத்தைகள் காட்மியத்தைச் செரிமானச் சுரப்பியில் சேமித்து வைத்துக்கொண்டு தாம் சாகாமல் இருக்கும். மாசு அளக்க அவற்றையே கருவியாகப் பயன்படுத்தும் அளவுக்கு. வாசம் சேரும் அதே இடத்தில் நஞ்சும் சேர்கிறது, பட்டினி அதை வெளியேற்றாது.

ஒத்த உருவச் செடிகள்: காட்டில் பார்ஸ்லி, சோம்பு என்று அறுப்பதில் ஹெம்லாக் என்ற கொடிய நஞ்சுச்செடி கலந்துவிடலாம், இலை அப்படி ஒத்திருக்கும். காட்டு நத்தைகளைப் பட்டினி போடும் பழக்கத்துக்கு ஒரு காரணமே, அவை எதைத் தின்றனவோ தெரியாது என்பதுதான்.

நோய் தீர்க்கும் என்ற பேச்சு: தைமால் கண்ணாடிக் கிண்ணத்தில் பாக்டீரியாவைக் கொல்லும், சரி. சளியும் கழிவும் படிந்து நாறும் அடைப்பில் பெருகும் சூடோமோனாஸ் பாக்டீரியாவையும், முட்டைகளை இளஞ்சிவப்பாக்கி அழிக்கும் ஃப்யூசேரியம் பூஞ்சையையும் தீவனத்தில் ஒரு சதவீதப் பொடி நிறுத்திவிடாது. அங்கே தேவைப்படுவது நெரிசலைக் குறைப்பதும் கழுவுவதும்.

## வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது

தின்கிறதா என்பதற்கு ஒரு சோதனை. ஒரே எடையுள்ள தழையை இரண்டு தட்டில் வையுங்கள். ஒன்று நத்தைகள் உள்ள பெட்டியில், மற்றது அதேபோல் நீர் தெளித்த காலிப் பெட்டியில். காலையில் இரண்டையும் நிறுங்கள். காலிப் பெட்டித் தழையும் எடை மாறியிருக்கும், அது வெறும் ஈரக் கணக்கு. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நத்தை தின்றது. இந்த இரண்டாம் தட்டு இல்லாமல், வாடிச் சுருங்கிய தழையைப் பார்த்து நன்றாகத் தின்கிறது என்று எழுதி வைத்துவிடுகிறார்கள்.

சுவைக்கு இன்னொன்று. ஒரே தொகுதி நத்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தவிடு மட்டும், மறுபாதிக்குத் தவிடும் மூலிகையும் கொடுத்து, இரண்டுக்கும் சம நாட்கள் பட்டினி, ஒரே உப்புத் தண்ணீரில் வேகவைத்தல். வேறெதுவும் சேர்க்கக் கூடாது. 12 பேருக்கு ஆளுக்கு மூன்று துண்டு: இரண்டு ஒரே வகை, ஒன்று மாற்று. மாறியது எது என்று கண்ணால் பார்க்காமல் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே நான்கு பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். எட்டுப் பேராவது சரியாகச் சொன்னால் லேபிளில் மூலிகை என்று அச்சடிக்கலாம். கால் தசையை மட்டும் வைத்து ஒரு முறை, சுருளோடு ஒரு முறை என்று இரண்டு தடவை நடத்திப் பாருங்கள்.